கிளவுட்டில் உங்கள் பைல் எந்த ஊரில் இருக்கிறது?

குன்றத்தூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் சிறிய போட்டோ ஸ்டுடியோ நடத்தி வருகிறார். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் என எல்லாம் எடுப்பவர். 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் பெய்த மழையை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. ஏரியின் உபரி நீர் குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை வழியாக அடையாற்றில் சேரும். ஸ்டுடியோவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது.

அவர் கவனமில்லாதவர் அல்ல. கம்ப்யூட்டரில் இருந்த எல்லாப் படங்களையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் காப்பி எடுத்து வைத்திருந்தார். ஆனால், அந்த டிஸ்க் இருந்தது கம்ப்யூட்டர் மேஜையின் கீழ் டிராயரில். கம்ப்யூட்டர் மூழ்கிய அதே தண்ணீரில் அதுவும் மூழ்கியது. பத்து ஆண்டுப் படங்கள் போயின.

அண்மையில் அவர் என்னிடம், "இப்போது எல்லாவற்றையும் கிளவுட்டில் போட்டுவிட்டேன். இனிமேல் கவலை இல்லைதானே?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு "ஆம்" என்றோ "இல்லை" என்றோ ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. கிளவுட் நிறுவனங்கள் தங்கள் சர்வர்களையும் சேவைகளையும் எப்படி அடுக்கி வைத்துள்ளன என்று தெரிந்தால்தான் பதில் கிடைக்கும். அதனை இங்கு எளிமையாகப் பார்ப்போம்.

மேகம் அல்ல, கட்டடம்

கிளவுட் என்றதும் நம் பைல் எங்கோ வானத்தில் மிதப்பதாக நினைத்துக் கொள்கிறோம். உண்மையில் அது ஓர் ஊரில், ஒரு கட்டடத்தில், ஓர் இரும்பு அடுக்கில் உள்ள டிஸ்க்கில்தான் இருக்கிறது. இந்தக் கட்டடத்திற்கு டேட்டா சென்டர் என்று பெயர். அதற்கும் மின்சாரம் வேண்டும், ஏ.சி. வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். தீப்பிடித்தால் எரியும், தண்ணீர் புகுந்தால் நின்றுவிடும்.

இதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் சென்னையில் அம்பத்தூர், சிறுசேரி போன்ற இடங்களில் பல டேட்டா சென்டர்கள் இயங்குகின்றன. கடலுக்கு அடியில் சிங்கப்பூர் முதலான நாடுகளிலிருந்து வரும் கேபிள்கள் சென்னையில் கரையேறுவது இதற்கு ஒரு முக்கிய காரணம்.

இந்தக் கட்டடங்களில் உள்ளவற்றை நிறுவனங்கள் மூன்று விதமாக நமக்கு வாடகைக்குத் தருகின்றன.

முதல் வகையில், வெறும் கம்ப்யூட்டர், டிஸ்க், நெட்வொர்க் மட்டும் கிடைக்கும். விண்டோஸ் அல்லது லினக்ஸ் அதில் ஓடும். அப்டேட் செய்வது, பாதுகாப்பது எல்லாம் நம் பொறுப்பு. காலி வீட்டை வாடகைக்கு எடுப்பது போன்றது. அமேசான் 2006ஆம் ஆண்டு எஸ்3 என்ற சேமிப்பு சேவையையும், இசி2 என்ற வாடகைக் கம்ப்யூட்டரையும் கொண்டு வந்தது இந்த வகையில்தான்.

இரண்டாவது வகையில், டேட்டாபேஸ் போன்றவை தயார் நிலையில் கிடைக்கும். நாம் நம் புரோகிராமையும் டேட்டாவையும் கொண்டு வந்தால் போதும். சாமான்களுடன் கூடிய வீடு இது.

மூன்றாவது வகையில், புரோகிராமும் அவர்களுடையதே. நாம் பயன்படுத்துவது மட்டும்தான். இது ஓட்டல் அறை. ஜிமெயில், கூகுள் போட்டோஸ், ஒன்டிரைவ் எல்லாம் இதில் அடங்கும். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் இந்த மூன்றாவது வகையையே பயன்படுத்துகிறோம். ஓட்டலில் எந்த அறை என்று நாம் கேட்பதில்லை அல்லவா? அதேபோல இங்கு நம் பைல் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி பொதுவாக நமக்குத் தரப்படுவதில்லை. முதல் இரண்டு வகைகளிலோ, அந்தத் தேர்வு நம் கையில் இருக்கிறது. ஒரு சிறிய கடைக்கான வெப்சைட்டை நீங்களே கிளவுட்டில் ஏற்றினால், முதலில் வரும் கேள்விகளில் ஒன்று "எந்த ரீஜன்?" என்பதுதான்.

முதல் வரைபடம்: இடம்

கிளவுட்டைப் புரிந்து கொள்ள இரண்டு வரைபடங்கள் தேவை. ஒன்று, பொருள் எந்த இடத்தில் உள்ளது என்று காட்டுவது. மற்றது, அது யார் பெயரில் உள்ளது என்று காட்டுவது. நம் ஊர் நிலத்தைப் போலத்தான். மனை இருக்கும் இடம் ஒன்று, பட்டா வேறு. இரண்டையும் சரி பார்க்காமல் யாரும் மனை வாங்குவதில்லை.

இடத்தின் வரைபடத்தில் பெரிய அலகு ரீஜன். இது ஒரு நகரம் அல்லது ஒரு வட்டாரம். மைக்ரோசாப்ட் 2015ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் இந்தியாவில் மூன்று ரீஜன்களைத் திறந்தது. புனேயில் உள்ளது சென்ட்ரல் இந்தியா. மும்பையில் உள்ளது வெஸ்ட் இந்தியா. நம் சென்னையில் உள்ளது சவுத் இந்தியா. மேலே சொன்ன வெள்ளத்திற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் இது நடந்தது. அமேசான் 2016ல் மும்பையிலும், 2022ல் ஐதராபாத்திலும் ரீஜன்களைத் தொடங்கியது. கூகுள் 2017ல் மும்பையிலும், 2021ல் டில்லியிலும் தொடங்கியது.

ரீஜனுக்குள் அடுத்த அலகு ஸோன். ஒரு ஸோன் என்பது ஒரு டேட்டா சென்டர் அல்லது அருகருகே உள்ள சில டேட்டா சென்டர்கள். ஒவ்வொரு ஸோனுக்கும் தனி மின்சாரம், தனி குளிர்சாதனம், தனி நெட்வொர்க் இருக்கும். ஒரு ஸோன் நின்றாலும் அடுத்த ஸோன் ஓட வேண்டும் என்பதே நோக்கம். அமேசான் தன் ரீஜனில் உள்ள ஸோன்கள் ஒன்றிலிருந்து ஒன்று 100 கி.மீ. தூரத்திற்குள் இருக்கும் என்று கூறுகிறது. அதிக தூரம் இருந்தால் இரண்டிற்கும் இடையே டேட்டா போய் வர நேரமாகும். மிக அருகில் இருந்தால் ஒரே விபத்தில் இரண்டும் சிக்கும். இந்த இரண்டிற்கும் இடையில் ஒரு சமரசம் இது. எல்லா ரீஜன்களிலும் எல்லா வசதிகளும் இருக்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம். அமேசானின் மும்பை ரீஜனே இரண்டு ஸோன்களுடன் தொடங்கி, 2019ல்தான் மூன்றாவதைப் பெற்றது.

இவை தவிர எட்ஜ் எனப்படும் சிறிய மையங்களும் உண்டு. அடிக்கடி கேட்கப்படும் படங்கள், வீடியோக்களின் நகல் இங்கே தற்காலிகமாக வைக்கப்படும். அமேசான் 2013ஆம் ஆண்டிலேயே சென்னையிலும் மும்பையிலும் இத்தகைய மையங்களை அமைத்துவிட்டது. இவை வேகத்திற்கானவை, பாதுகாப்பிற்கானவை அல்ல. ஆகவே "சென்னையில் சர்வர் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், அது ரீஜனா, எட்ஜா என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

நாம் உருவாக்கும் ஒவ்வொரு பொருளும் இந்த வரைபடத்தில் ஏதோ ஓர் அளவில் கட்டப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, அமேசானில் வாடகைக் கம்ப்யூட்டருடன் இணைக்கும் டிஸ்க் ஒரு ஸோனுக்கு உரியது. அந்த ஸோனில் உள்ள கம்ப்யூட்டரில் மட்டுமே அதனை மாட்ட முடியும். அதே நிறுவனத்தின் எஸ்3ல் வழக்கமான வகையில் ஒரு பைலைப் போட்டால், அது ரீஜனுக்கு உரியது. குறைந்தது மூன்று ஸோன்களில் அது தானாகவே பரப்பி வைக்கப்படும். ஆனால், நாமாகச் சொல்லாதவரை அது அந்த ரீஜனை விட்டு வெளியே போகாது.

எத்தனை நகல், எங்கே?

"கிளவுட்டில் மூன்று நகல் இருக்கிறது" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மூன்றும் எங்கே என்பதுதான் முக்கியம். மைக்ரோசாப்ட்டின் அஸூரில் சேமிப்பிடம் வாங்கும்போது வரும் மூன்று தேர்வுகள் இதைத் தெளிவாகக் காட்டும்.

லோக்கல் என்ற தேர்வில் மூன்று நகல்களும் ஒரே இடத்தில் இருக்கும். ஒரு டிஸ்க் பழுதானால் தப்பிக்கலாம். அந்த இடத்திற்கே ஆபத்து வந்தால் தப்ப முடியாது. விலை குறைவானது இதுதான்.

ஸோன் என்ற தேர்வில் மூன்று நகல்கள் மூன்று ஸோன்களில் இருக்கும். ஒரு கட்டடம் எரிந்தாலும் மற்ற இரண்டு இருக்கும். ஸோன்கள் உள்ள ரீஜன்களில்தான் இது கிடைக்கும்.

ஜியோ என்ற தேர்வில் மூன்று நகல்கள் இங்கேயும், இன்னும் மூன்று வெகுதூரத்தில் உள்ள ஜோடி ரீஜனிலும் இருக்கும். சென்னையின் ஜோடி புனே. அடையாற்றில் வரும் வெள்ளம் புனேவிற்குப் போகாது. ஆனால், அந்த நகல் சில நிமிடங்கள் பின்தங்கியே போய்ச் சேரும் என்பதை நினைவில் வைக்கவும்.

நம் ஸ்டுடியோக்காரர் செய்தது என்ன? மேஜை மீது ஒன்று, டிராயரில் ஒன்று. அதாவது, லோக்கல். டிஸ்க் பழுதானால் காப்பாற்றியிருக்கும். வெள்ளத்திற்கு அது போதவில்லை.

பெரிய நிறுவனங்களும் இதே இடத்தில் தடுக்கி விழுந்துள்ளன. 2021ஆம் ஆண்டு மார்ச் 10 அன்று, பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று தீயில் முற்றிலும் அழிந்தது. அதே வளாகத்தில் பேக்கப் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலருக்கு அசலும் போனது, நகலும் போனது. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று, தென் கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில் பேட்டரியிலிருந்து தீ பரவியது. அரசு ஊழியர்கள் தங்கள் பைல்களைச் சேமித்து வைத்த ஜி-டிரைவ் என்ற அமைப்பில் 858 டெராபைட் டேட்டா அழிந்தது. அளவு மிகப் பெரியது என்பதால் வெளியே அதற்கு பேக்கப் வைக்கப்படவில்லை. ஓர் அரசாங்கமே தன் ஹார்ட் டிஸ்க்கை மேஜை டிராயரில் வைத்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வரைபடம்: பட்டா

இனி உரிமையின் வரைபடத்திற்கு வருவோம். குன்றத்தூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. பக்கத்தில் உள்ள தாம்பரமோ 2019ல் உருவான செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. வெள்ளத்திற்கு இந்த எல்லை தெரியாது. ஆனால், ஒரு சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால் எந்த மாவட்டம், எந்த தாலுகா என்பதுதான் முதல் கேள்வி. கிளவுட்டிலும் இப்படி, இடத்தோடு தொடர்பில்லாத ஒரு நிர்வாக அடுக்கு உள்ளது.

அஸூரில் எல்லாவற்றிற்கும் மேலே மேனேஜ்மென்ட் குரூப். அதன் கீழ் சப்ஸ்கிரிப்ஷன். பில் வருவது இதன் பெயரில்தான். அதன் கீழ் ரிசோர்ஸ் குரூப்; இது நம் போல்டர் போன்றது. அதனுள் கம்ப்யூட்டர், டிஸ்க், டேட்டாபேஸ் எனத் தனித்தனிப் பொருட்கள். இவற்றைத்தான் ரிசோர்ஸ் என்கிறார்கள்.

கூகுளில் ஆர்கனைசேஷன், அதன் கீழ் போல்டர், அதன் கீழ் புராஜெக்ட், அதனுள் ரிசோர்ஸ். தனி நபர் என்றால் புராஜெக்ட்டிலிருந்தே தொடங்கலாம்.

அமேசானில் ஆர்கனைசேஷன், அதன் கீழ் யூனிட்கள், அவற்றின் கீழ் அக்கவுண்ட். வேலை எல்லாம் அக்கவுண்ட்டிற்குள் நடக்கும்.

பெயர்கள் வேறுபட்டாலும் நோக்கம் ஒன்றுதான். யார் எதைத் தொடலாம், யார் பணம் கட்ட வேண்டும், எவை ஒன்றாக வாழ்ந்து ஒன்றாக மறைய வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த அடுக்குதான் பதில் தருகிறது. மேலே ஒருவருக்கு அனுமதி கொடுத்தால், பொதுவாக அது கீழே உள்ள எல்லாவற்றிற்கும் இறங்கும். ஆகவே அனுமதியைக் கீழ்த்தட்டிலேயே, தேவையான அளவிற்கு மட்டும் கொடுப்பது நல்லது.

இரண்டு வரைபடங்களும் ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டியதில்லை என்பதைக் கவனிக்கவும். அஸூரில் ஒரே ரிசோர்ஸ் குரூப்பில் ஒரு பொருள் சென்னையிலும், இன்னொன்று புனேயிலும் இருக்கலாம். இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். "இரண்டு ஊரில் வைத்துவிட்டேன், இனிப் பயமில்லை" என்று நினைக்கிறார்கள். ஆனால், அந்த ரிசோர்ஸ் குரூப்பை நீக்கினால் இரண்டு ஊரில் உள்ளவையும் சேர்ந்தே நீங்கிவிடும். இடத்தில் பிரிந்திருந்தவை, பட்டாவில் ஒன்றாக இருந்தன.

இதற்கும் ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. யூனிசூப்பர் என்பது ஆஸ்திரேலியாவில் 6 லட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட ஓய்வூதிய நிதி. இதற்காகக் கூகுள் அமைத்துக் கொடுத்த தனி கிளவுட் ஒன்று இரண்டு ஸோன்களில் பரவியிருந்தது. அதை அமைத்தபோது, கூகுளின் உள் டூல் ஒன்றில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டார்கள். அதனால் அந்தக் கிளவுட்டிற்கு ஓராண்டு ஆயுள் என்று தானாகப் பதிவாகிவிட்டது. ஆண்டு முடிந்ததும், 2024ஆம் ஆண்டு மே மாதம், சிஸ்டமே அதனை நீக்கியது. தீ இல்லை, வெள்ளம் இல்லை. இரண்டு ஸோன்களில் இருந்தும் பயனில்லை. அவர்களைக் காப்பாற்றியது, அந்தக் கிளவுட்டிற்கு வெளியே தனியாக வைத்திருந்த பேக்கப்கள்தான்.

பில் எங்கிருந்து வருகிறது?

கிளவுட் கற்றுக்கொள்ளும் மாணவர்களை அதிகம் பயமுறுத்துவது பில். இதற்கும் இரண்டு வரைபடங்களே காரணம். பில் அக்கவுண்ட்டிற்கு வருகிறது. பொருளோ ரீஜனில் இருக்கிறது. அமேசானில் வாடகைக் கம்ப்யூட்டர்களின் பட்டியல் ஒரு நேரத்தில் ஒரு ரீஜனுக்கு உரியதையே வழக்கமாகக் காட்டும். பழகும்போது அமெரிக்க ரீஜனில் ஒரு கம்ப்யூட்டரை உருவாக்கிவிட்டு, பிறகு மும்பைக்கு மாறினால் பட்டியல் காலியாகத் தெரியும். "எல்லாம் நீக்கிவிட்டேன்" என்று படுத்துவிடுவோம். அங்கே மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

கம்ப்யூட்டரை நிறுத்தினாலும் அதனுடன் உள்ள டிஸ்க்கிற்கு வாடகை உண்டு என்பதையும் அறிந்து கொள்ளுங்கள். பட்ஜெட் எச்சரிக்கை அமைக்கும் வசதி மூன்று நிறுவனங்களிலும் உண்டு. அதை முதல் நாளே அமைத்துவிடவும். ஆனால், அது வழக்கமாக மெயில் அனுப்புமே தவிர, ஓடுவதை நிறுத்தாது. நிறுத்துவது நம் வேலை.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

1. பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 விதியைப் பின்பற்றவும். மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். வேறு இடம் என்றால் பக்கத்து அறை அல்ல. வேறு ஊரில் உள்ள உறவினர் வீடோ, கிளவுட்டோ இருக்கலாம்.

2. அதனுடன் ஒன்றைச் சேர்த்துக் கொள்ளவும். ஒரு நகலாவது வேறு அக்கவுண்ட்டில், அல்லது எந்த அக்கவுண்ட்டும் தேவைப்படாத ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். பாஸ்வேர்ட் திருடு போனால் எத்தனை ஊரில் நகல் இருந்தும் பயனில்லை.

3. சிங்க் என்பது பேக்கப் அல்ல. கம்ப்யூட்டரில் ஒரு பைலை அழித்தால், சிங்க் செய்யப்பட்ட கிளவுட்டிலும் அது அழியும். கூகுள் டிரைவ், தனிநபர் ஒன்டிரைவ் ஆகியவற்றில் அழித்த பைல் 30 நாட்கள்தான் குப்பைத் தொட்டியில் இருக்கும்.

4. பயன்படுத்தாத அக்கவுண்ட்டை மறந்துவிடாதீர்கள். இரண்டு ஆண்டுகள் எந்தப் பயன்பாடும் இல்லாத தனிநபர் அக்கவுண்ட்களை, உள்ளே இருப்பவற்றுடன் நீக்கலாம் என்று கூகுள் 2023ல் விதி கொண்டு வந்தது. இறந்து போன பெற்றோரின் அக்கவுண்ட்டில் குடும்பப் படங்கள் இருந்தால், இப்போதே அவற்றை இறக்கி வைத்துக் கொள்ளவும்.

5. அக்கவுண்ட்டிற்கு இரண்டு கட்டப் பாதுகாப்பை இயக்கவும். மாற்று மெயில், மாற்று போன் எண் இரண்டும் இன்றும் பயன்பாட்டில் உள்ளவையா என்று பார்க்கவும்.

6. நீங்களே கிளவுட்டில் சர்வர் நடத்துபவர் என்றால், ஒரு வேலைக்கு ஒரு ரிசோர்ஸ் குரூப் அல்லது ஒரு புராஜெக்ட் என்று பிரிக்கவும். பேக்கப்பை அதே குரூப்பில் வைக்க வேண்டாம். அஸூரில் முக்கியமானவற்றிற்கு நீக்கத் தடை போடும் லாக் வசதி உண்டு, பயன்படுத்தவும்.

7. ஆண்டுக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து பத்துப் பைல்களை எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் இருந்தும் இல்லாததுதான்.

ஸ்டுடியோக்காருக்கு நான் இதையெல்லாம் சொன்னபோது, அவர் இரண்டே கேள்விகள் கேட்டார். "என் படங்கள் எங்கே இருக்கின்றன? யார் பேரில் இருக்கின்றன?" பார்த்ததில், கிளவுட் அக்கவுண்ட் அவரிடம் முன்பு வேலை பார்த்த ஒரு பையனின் மெயிலில் இருந்தது. பையன் நல்லவர், கேட்டதும் மாற்றிக் கொடுத்துவிட்டார். இப்போது ஒரு நகல் ஸ்டுடியோவில், ஒன்று அவர் பெயரிலேயே கிளவுட்டில், ஒன்று மதுரையில் தங்கை வீட்டு பீரோவில் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது அந்த டிஸ்க்கை மாற்றி வருகிறார்.

உங்கள் படங்களுக்கும் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கேட்பது நல்லது.